மொட்டை மாடியில் பாதி மின்சாரம் எங்கே போயிற்று?

தில்லிக்கு வந்து முப்பது வருஷமாகியும் கோடை மின்வெட்டு எனக்குப் பழகவில்லை. மயூர் விஹாரில் இருக்கும் என் மைத்துனருக்கும் அப்படித்தான். 12 வோல்ட் பாட்டரிக்கென்று 270 வாட் சோலார் பேனல் ஒன்றை வாங்கி மாடியில் வைத்தார். உச்சி வெயிலிலும் 110 வாட்டைத் தாண்டவில்லை. "பேனலே டூப்ளிகேட், அத்தான்" என்று கடைக்குச் சண்டைக்குக் கிளம்பியவரை நான்தான் நிறுத்தினேன்.

கோளாறு பேனலில் இல்லை, நடுவே இருந்த சார்ஜ் கன்ட்ரோலரில். 60 செல் கொண்ட அந்தப் பேனல் 31 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் தரும். பெருக்கினால் 270 வாட். சாதாரண பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் பேனலைப் பாட்டரியோடு நேராக இணைக்கும் ஒரு ஸ்விட்ச், அவ்வளவே. பாட்டரி பேனலையும் 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடும். ஆம்பியரோ 9-ஐத் தாண்டாது. பதின்மூன்று ஒன்பது 117. மீதி, பேனலிலேயே வெறும் சூடாகப் போகிறது.

எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் பேனலை 31 வோல்ட்டிலேயே இருக்கவிட்டு, பாட்டரிப் பக்கம் வோல்ட்டைக் குறைத்து ஆம்பியரைக் கூட்டித் தருகிறது. ஆனால் அந்த 31 நிலையானதல்ல. பேனல் சூடேறினால் குறையும், ஜனவரிக் குளிரில் ஏறும். எனவே பெட்டி வோல்ட்டைச் சற்றே நகர்த்தி வாட்டை அளக்கிறது. கூடினால் அதே திசை, குறைந்தால் மறு திசை. பழைய ரேடியோவில் சிலோன் ஸ்டேஷனைப் பிடிக்க முள்ளை இப்படியும் அப்படியும் திருகுவோமே, அதேதான். இது நாள் முழுக்க ஓயாமல் திருகுகிறது.

வேடிக்கை என்னவென்றால், மைத்துனரின் பெட்டிமேலும் எம்.பி.பி.டி. என்றே அச்சிட்டிருந்தது! கண்டுபிடிக்க வழி உண்டு. பாட்டரி நிறையாதபோது, நல்ல வெயிலில், டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் பேனல் ஒயரிலும் பாட்டரி ஒயரிலும் மாட்டிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே ஆம்பியர் என்றால் போலி. அசலில் பாட்டரிப் பக்கம் தெளிவாகக் கூடியிருக்கும். இவருடையது போன்ற பேனலுக்கு ஏறக்குறைய இரு மடங்கு.

எல்லோருக்கும் இது வேண்டும் என்பதில்லை. 36 செல் கொண்ட சிறிய 100 வாட் பேனல் 18 வோல்ட்டுக்கானது. தில்லி மே மாதச் சூட்டில் அது இன்னும் இறங்கும். அதற்கு மலிவுப் பெட்டியே போதும். 2024-இல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் மானியத்தோடு கூரையில் போடுபவர்களுக்கும் கவலையில்லை. இன்வர்ட்டருக்குள்ளேயே இந்த வசதி இருக்கும். நிழலை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பாதிப் பேனலில் நிழல் விழுந்தால் உச்சம் இரண்டாகி, பெட்டி சின்ன உச்சத்திலேயே நின்றுவிடலாம்.

மைத்துனர் பெட்டியை மாற்றிவிட்டார். இப்போது நண்பகலில் 210 வாட் வருகிறது. நாலு மணிக்கு மேல் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழலோடுதான் தகராறு.