ஓயாத கைபேசியும் உறக்கமும்

யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் இரவு 9 மணி ஆகும்போது, சிட்னியில் நள்ளிரவு கடந்து 1.30 ஆகிவிடுகிறது, கோடைகால நேரமாற்றத்தின்போது 2.30. அவ்வேளையில் வாட்ஸ்அப் செய்திகள் ஒலித்துக்கொண்டிருந்தால் உறக்கம் கெட்டு மன அழுத்தம் கூடும். ஆயினும் ஊரிலுள்ள பெற்றோருக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்ற அச்சத்தால் பலர் கைபேசியை அணைப்பதில்லை. ‘தொந்தரவு செய்யாதே’ அமைப்பில் நெருங்கிய உறவினரின் எண்களுக்கு மட்டும் விலக்களித்தால், அவர்களது தொலைபேசி அழைப்பு மட்டுமே ஒலிக்கும்.

பணிநேரத்திற்குப் பின் வரும் அலுவலகத் தொடர்புகளுக்குப் பதிலளிக்க மறுக்கும் உரிமை, 2024 ஆகஸ்ட் 26 முதல் ஆஸ்திரேலியச் சட்டத்தில் உண்டு. சிறு நிறுவன ஊழியருக்கு 2025 ஆகஸ்ட் 26 முதல். மறுப்பு நியாயமற்றதாக இருத்தல் ஆகாது.

மன உளைச்சல் தொடர்ந்தால் லைஃப்லைன் சேவையை 13 11 14 என்ற எண்ணில் அழைக்கலாம். தமிழில் பேச விரும்புவோர் 131 450 வழியாக உரைபெயர்ப்பாளரைக் கோரலாம்.