குருவி பார்க்க வருபவர்களும் கொஸ்லந்த மலையும்

டிசம்பர் தொடங்கி மார்ச் முடியும்வரை பெரகல சந்தியிலிருந்து வெல்லவாய பக்கம் இறங்கும் வீதியில் ஒருவகை வேன்களைக் கவனித்திருப்பீர்கள். பின்னால் முக்காலியோடு கட்டிவைத்த பெரிய தொலைநோக்கி, உள்ளே இருப்பவர்களின் கழுத்தில் பைனாகுலர், முழங்கால்வரை இழுத்துக் கட்டிய அட்டைக் காலுறை. ஹோர்ட்டன் சமவெளியில் குருவி பார்த்து முடித்து யாலவுக்குச் சிறுத்தை பார்க்கப் போகிறவர்கள் இவர்கள். சில வேன்கள் எதிர்த்திசையில் ஏறும். கொஸ்லந்த கடைத்தெருவில் ஒரு பிளேன்டீ, தியலும நீர்வீழ்ச்சிக்குக் கீழே படம் எடுக்கப் பத்து நிமிடம், பிறகு போய்விடுவார்கள். பார்க்க வேண்டியவற்றில் பாதி அந்த வீதியின் இரண்டு பக்கமும் இருக்கிறது என்பதுதான் நம் கட்சி.

இந்தப் பயணங்களின் கணக்கு எளிமையானது. இலங்கைக்கு மட்டுமே உரிய பறவை இனங்கள் முப்பத்துச் சொச்சம். 34 என்பது பரவலாகச் சொல்லப்படும் எண். சில இனங்களைத் தனியாகப் பிரிப்பதா சேர்ப்பதா என்பதில் நிபுணர்களுக்குள் பிணக்கு இருப்பதால் அது ஒன்றிரண்டு கூடும், குறையும். இரண்டு வாரத்துக்குள் அத்தனையையும் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொண்டு விமானம் ஏற வேண்டும். அதனால் கித்துல்கலையும் சிங்கராஜ வனமும் ஈரக்காட்டுப் பறவைகளுக்கு, உடவளவையும் யாலவும் வறண்ட காட்டுக்கு, நுவரெலியா விக்டோரியா பூங்கா இமயத்திலிருந்து வரும் குளிர்கால விருந்தாளிகளுக்கு, ஹோர்ட்டன் சமவெளி மலையுச்சிப் பறவைகளுக்கு என்று பாதை ஏறக்குறைய எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றுதான். ஹோர்ட்டனில் பார் இன் அருகே ஒரு சின்னக் குட்டை இருக்கிறது. கருநீல மினுக்கம் கொண்ட சீட்டியடிப் பூங்குருவி விடியலில் சற்று நேரமே வெளியே தலைகாட்டும் என்பதற்காக, விறைக்கும் குளிரில் அந்தக் குட்டையோரம் வரிசையாக நிற்கிறார்கள்.

காசு கொடுப்பது காட்டுக்கு அல்ல, வழிகாட்டியின் காதுக்கு. சிங்கராஜவில் ஒரு நல்ல வழிகாட்டியோடு நடந்தால் இது விளங்கும். அரை மணி நேரம் காட்டில் ஒரு சிறகும் அசையாது. திடீரென்று அவர் கையை உயர்த்தி நிறுத்துவார். நமக்கு எதுவும் கேட்டிருக்காது. தூரத்தில் கொண்டைக் கரிச்சானின் குரல் அவருக்குக் கேட்டிருக்கும். கரிச்சான் வந்தால் பின்னால் ஒரு ஊர்வலமே வரும்: செம்மஞ்சள் அலகுள்ள சிலம்பன்கள் கலகலவென்று தழைகளைக் கிளறிக்கொண்டு முன்னே, அவை கிளப்பிவிடும் பூச்சிகளைப் பிடிக்க மற்றவை பின்னே. நாற்பது பறவைகள், பத்துப் பன்னிரண்டு இனங்கள் என்று ஒரே கூட்டம். இந்தக் கலப்புக் கூட்டங்களைப் பேராசிரியர் சரத் கொட்டகமவும் அவரோடு சேர்ந்தவர்களும் 1980களிலிருந்து அங்கே ஆராய்ந்திருக்கிறார்கள். கரிச்சான் மற்ற இனங்களின் அபாயக் குரலை அப்படியே பாவனை செய்யும் என்பதும் அந்த ஆய்வுகளில் வந்த செய்தி. ஐந்து நிமிடத்தில் ஊர்வலம் கடந்துவிடும். எந்தக் கிளையில் எது என்று அந்த ஐந்து நிமிடத்துக்குள் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் அடுத்த வருடமும் வேலை கிடைக்கிறது.

காது பெரிய சொத்துதான். 2001இல் தீபால் வரகாகொட ஒரு புதிய சிறிய ஆந்தையைக் கண்டுபிடித்ததற்கும் தொடக்கம் காதுதான். இன்னதென்று புரியாத ஒரு குரலைப் பல வருடம் பின்தொடர்ந்தார். 2004இல் அது புதிய இனம் என்று அறிவியலில் பதிவானது. இலங்கையில் அதற்கு முன் ஒரு புதிய பறவை கண்டுபிடிக்கப்பட்டது 1868இல்!

இனி நம் மலைக்கு வருவோம். வெல்லவாய கடல்மட்டத்திலிருந்து சுமார் 200 மீற்றர் உயரம். அப்புத்தளை 1,400 மீற்றரைத் தாண்டுகிறது. இரண்டுக்கும் நடுவே, சரிவில் ஒட்டினாற்போல் கொஸ்லந்த. காலையில் வெல்லவாயவில் பஸ் ஏறினால் மயிலும் பஞ்சுருட்டானும் பார்த்த கண்ணோடு, பகல் சாப்பாட்டுக்கு முன் அப்புத்தளையில் மஞ்சள் காதுக் கொண்டைக்குருவியைப் பார்த்துவிடலாம். முன்னவை வறண்ட நாட்டுப் பறவைகள். கடைசியாகச் சொன்னது இலங்கை மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. இடையில் உள்ள சரிவில் தேயிலை, பத்தனைப் புல், பாறை, ஓடையோரக் காடு என்று மாறிமாறி வருகிறது. தியலும 220 மீற்றர் நேராக விழுகிறது. அதன் தலைக்கு ஏறிப்போனால் பூனாகலை ஓயா தேக்கிவைத்த குளிர்ந்த பள்ளங்களும், அவற்றைச் சுற்றிப் பத்தனையும். இப்போது உள்ளூர் இளசுகள் அங்கே குளிக்கத்தான் போகிறார்கள். அந்தப் பாறைச் சுவரைக் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தால் காற்றில் மிதக்கும் கருங்கழுகு கண்ணில் படலாம். சிறகை ஆட்டாமல் மரவுச்சியை ஒட்டி மெதுவாக வரும். பிற பறவைகளின் கூட்டைத் துழாவுவதுதான் அதன் பிழைப்பு.

தோட்டத்துக்குள்ளேயே பார்க்க இருப்பவையும் கொஞ்சமல்ல. ஒக்டோபர் பிறந்தால் பீலிக்கரையில் ஒரு குருவி வந்து சேரும். சாம்பல் முதுகு, வயிற்றில் மஞ்சள், உடம்பைவிட நீளமோ என்று தோன்றும் வால். ஈரக் கல்லில் நின்று வாலை மேலும் கீழும் அடித்துக்கொண்டே இருக்கும். கான் ஓரமாக ஓடி ஒரு பூச்சியைக் கொத்தும். குடத்தோடு யாராவது வந்தால் இரண்டு முழம் தள்ளிப்போய் மறுபடி நிற்கும். சாம்பல் வாலாட்டி என்பது அதன் பெயர். இமயமலைப் பக்கமிருந்தும் அதற்கு வடக்கேயிருந்தும் நம் பீலியடிக்கு வருகிறது, சித்திரைக்குள் திரும்பிவிடும். லயத்தில் பிறந்த எந்தப் பிள்ளையும் அதைப் பார்த்திருக்கும். அதே மாதங்களில் விடியலிலும் பொழுது சாயும் வேளையிலும் புதருக்குள்ளிருந்து இரண்டு தட்டாகச் சீட்டியடிக்கும் ஆறுமணிக்குருவியும் வடக்கே இந்தியாவிலிருந்து வந்ததுதான். முள்முருங்கை பூத்தால் தேன்சிட்டு, மைனா, கிளி எல்லாம் ஒரு மரத்தில். சரிவுக் காட்டுக்குள் இலங்கைக் காட்டுக்கோழி கூவும். நாட்டின் தேசியப் பறவை அது. வெளிநாட்டிலிருந்து பல இலட்சம் செலவழித்து வருபவரின் பட்டியலில் அதற்கு முதல் பக்கத்தில் இடம் உண்டு.

ஊவாவுக்கு இந்த விருந்தாளிகள் புதிதல்ல, முன்பு கையில் வேறு கருவி இருந்தது என்பதுதான் வித்தியாசம். பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயர் வாங்கியவர். 1845இல் அப்புத்தளையில் இடியுடன் கூடிய மழையில் மின்னல் தாக்கி இறந்தார். பதுளை நகரில் இன்றும் நிற்கும் புனித மாற்கு ஆலயம் அவர் நினைவாகக் கட்டப்பட்டது. யானைகளின் சாபம் என்று ஒரு கதை அப்போதே கிளம்பிவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளியில் ஒரு காலத்தில் யானை இருந்தது என்று இன்றைக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். 1937இல் வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் வந்தது. மறுவருடம் யால தேசியப் பூங்காவானது. அதே 1938இல்தான் அப்புத்தளைக்கு அருகே அதிசம் பங்களாவை ஒட்டிய தங்கமலைக் காடும் சரணாலயமானது. யாலவைத் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்குத் தங்கமலையைத் தெரியும்? ஒரு காலைப்பொழுதுக்குள் நடந்து முடித்துவிடக்கூடிய காடு. அப்புத்தளையிலிருந்து முச்சக்கரவண்டி தூரம்.

காடு நமக்கு வெறும் காட்சி அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். சுற்றுலாப் பயணிக்கு அட்டைக் காலுறை உண்டு. கொழுந்து எடுக்கிறவளுக்குச் சவர்க்காரமும் உப்பும்தான். கூடு கலைந்து குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகும் செய்தி மலையகப் பத்திரிகைகளில் வராத மாதம் இல்லை. சிறுத்தை யாலவில் படம், தேயிலைக்குள் பயம். 2020 மே மாதம் லக்ஷபான தோட்டத்தில் கம்பிச் சுருக்கில் மாட்டி மீட்கப்பட்ட கருஞ்சிறுத்தை சில நாளில் இறந்தது. காட்டுப்பன்றிக்கு வைக்கும் அந்தச் சுருக்குக்கு ஆள் பார்த்து மாட்டத் தெரியாது. கொஸ்லந்தவுக்கு மலை என்றாலே வேறொரு நினைவும் உண்டு. 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தயில் சரிந்த மண் லயங்களை மூடிய பிறகு, கடும் மழையில் மலையைப் பார்த்து ரசிக்க இந்தப் பக்கத்தில் யாருக்கும் மனம் வராது. இடைப்பருவ மழை உக்கிரமாக இருக்கும் ஒக்டோபர், நவம்பரில் சுற்றுலா என்று யாரையும் இங்கே அழைக்கவும் கூடாது.

ஆனால் ஜனவரிக்குப் பிறகு வேறு கதை. அப்போது இந்தச் சரிவில் வழிகாட்ட ஆள் யார் என்றால், லயத்தில் பிறந்தவர்கள்தான். எந்த ஓடையில் தண்ணீர் வற்றாது, எந்த மரம் எப்போது காய்க்கும், இருட்டுக்கு முன் மந்திகள் எங்கே தங்கும் என்று தெரிந்த இளைஞர்கள் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை அனுமதிப்பத்திரம் தரும் வழிகாட்டிகளில் தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி மட்டுமல்ல, ஒரு பிரதேசத்துக்கு அல்லது ஓர் இடத்துக்கு மட்டும் உரியவர்களும் உண்டு. நாடு முழுவதும் சுற்ற வேண்டியதில்லை. தியலுமவும் தங்கமலையும் போதும். தொழிற்சங்கங்கள் தேயிலைக்குச் சம்பளம் கேட்கும்போது இதையும் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட களப் பறவையியல் குழு 1976இலிருந்து இயங்குகிறது. மலையகப் பாடசாலைகளின் சுற்றாடல் கழகங்கள் அந்தப் பக்கம் ஒரு கடிதம் எழுதிப் பார்ப்பதில் நட்டம் ஒன்றுமில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். தொலைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு நிஜப் பறவையை வரவழைக்கும் பழக்கம் வழிகாட்டிகளிடம் பரவியிருக்கிறது. எல்லைக்குள் போட்டியாளன் நுழைந்துவிட்டான் என்று நினைத்து அது குஞ்சை விட்டுவிட்டு ஓடிவரும். ஒரு சீசனில் நூறு வேன் வந்து நூறு முறை அப்படிச் செய்தால் அந்தப் பறவையின் பாடு என்ன? புதிதாக இந்தத் தொழிலுக்கு வருபவர்கள் தொடக்கத்திலேயே அதைத் தவிர்த்துக்கொள்வது நல்லது.

போக நினைப்பவர்கள் பண்டாரவளையிலோ அப்புத்தளையிலோ இரவு தங்கி, விடியலில் தங்கமலையை முடித்து, பஸ்ஸில் கொஸ்லந்தவுக்கு இறங்கலாம். தியலும உச்சிக்குக் காலை பத்துக்கு முன் ஏறிவிடுங்கள். வெயில் ஏறினால் பறவையும் அடங்கிவிடும், பத்தனையில் நிழலும் கிடையாது. மேலே பாறை வழுக்கும். நீர்வீழ்ச்சி விளிம்புக்குப் போய்ப் படம் எடுக்காதீர்கள். தோட்டத்துப் பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு போங்கள், கூலியை முன்கூட்டியே பேசிவிடுங்கள், அவன் காட்டும் குருவிக்கு அவன் வீட்டில் சொல்லும் பெயரையும் உங்கள் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.