உழவர் சந்தை

காய்கறியை விளைவிப்பவர் பெறும் விலை குறைவு. வாங்குபவர் கொடுக்கும் விலையோ மிகுதி. இடைத்தரகர் பலர் பங்கு பெறுவதே இதற்குக் காரணம். இக்குறையைப் போக்கத் தமிழ்நாடு அரசு உழவர் சந்தைகளை அமைத்தது. முதல் சந்தை 1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் மதுரை அண்ணாநகரில் திறக்கப்பட்டது.

இங்கு அடையாள அட்டை பெற்ற உழவர்களே விற்கலாம். கடைக்கு வாடகை இல்லை. அன்றாட விலை பலகையில் எழுதப்படும். அது மொத்த விலையைவிடக் கூடுதலாகவும் வெளிக்கடை விலையைவிடக் குறைவாகவும் இருக்கும்.

விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, விடியற்காலையில் இச்சந்தைக்குச் சென்று பாருங்கள். ஈரம் உலராத கீரையும் பிஞ்சு வெண்டையும் குவிந்திருக்கும். வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக் கழுவி உண்ணுங்கள். "இது எந்த ஊரில் விளைந்தது, ஐயா?" என்று விற்பவரிடம் கேளுங்கள். விளைவித்தவரே விடை கூறுவார். நீங்கள் கொடுத்த பணமும் அவர் கையிலேயே இருக்கும்.