ஜவ்வாது மலை முற்றத்தின் வரவு செலவு

எடை 8 கிராம். பத்து ரூபாய் நாணயமும் ஏறக்குறைய அவ்வளவுதான். புரட்டாசியில் ஜவ்வாது மலைப் புளியமரங்களில் இலையோடு இலையாகத் தாவும் இலைக் கதிர்க்குருவியின் மொத்த உடம்பு இது. இமயமலைப் பக்கமிருந்து ஏறத்தாழ 2,000 கி.மீ. பறந்து வந்திருக்கிறது. பழுப்புக் கீச்சானின் கணக்கு இன்னும் பெரிது: பைக்கால் ஏரியிலிருந்து புறப்பட்டதாக வைத்தால், நேர்கோட்டிலேயே 4,500 கி.மீ.க்கு மேல். ஆறுமணிக்குருவிக்கு நீளம் 19 செ.மீ., எடை 47 முதல் 66 கிராம். ஐப்பசியில் களைத்துப்போய் வீட்டுக்குள்ளேயே வந்து விழுவதும் உண்டு.

இந்த விருந்தாளிகளுக்காகத் தானியத் தட்டு தொங்கவிட நினைப்பவர்கள் முதலில் செலவைப் பார்க்கட்டும். நாளுக்கு 50 கிராம் கம்பு வீதம், அக்டோபரிலிருந்து மார்ச் வரை 180 நாளுக்கு 9 கிலோ. கிலோ 50 ரூபாய் என்று வைத்தால் 450 ரூபாய். தின்பது யார்? சில்லை, சிட்டு, புறா, அணில், எல்லாம் உள்ளூர்க்காரர்கள். மேலே சொன்ன மூன்றும் பூச்சி புழுவைத் தேடுபவை, கம்பை ஏறெடுத்தும் பார்க்காது. சாமை விளைகிற மலையில் காசு கொடுத்துத் தானியம் வாங்கி வைப்பது வேடிக்கைதான்.

தண்ணீர்க் கணக்கு வேறு மாதிரி. 30 செ.மீ. அகலம், 4 செ.மீ. ஆழமுள்ள மண்தட்டில் 2.8 லிட்டர் பிடிக்கும். தட்டின் விலை நூறு, இருநூறுக்குள் முடிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது சும்மா கிடக்கும். தை பிறந்து காடு காய்ந்த பிறகுதான் அதற்கு மவுசு. தை, மாசி, பங்குனி 90 நாளுக்கு 250 லிட்டர் போதும். தினமும் கொட்டிவிட்டு மாற்ற வேண்டும். கொசு முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதற்கு இடம் கொடுக்கக்கூடாது.

அடுத்தது சருகு. ஆறுமணிக்குருவி, பூங்குருவி, கொடிக்கால் வாலாட்டி எல்லாம் தரையில் சருகைக் கிளறித்தான் இரை எடுக்கும். மரத்தடியில் 10 அடிக்கு 10 அடி பெருக்காமல் விட்டால் செலவு பூஜ்யம். பூச்சிமருந்து அடிக்காவிட்டால் கையில் காசு மிச்சம்.

கடைசியாக இருட்டு. இதே மலையில், 725 மீட்டர் உயரத்திலுள்ள காவலூரில், 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு வானாய்வு தொடங்கியது, 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. வானியலாளர்கள் தேடிய அதே இருட்டு இந்தப் பறவைகளுக்கும் வேண்டும். வலசையின்போது பெரும்பாலானவை இரவில் பறப்பவை. விண்மீன்களும் அவற்றுக்கு வழிகாட்டி, விளக்கு வெளிச்சம் திசையைக் குழப்பும். வாசலில் 9 வாட் பல்பு இரவுக்கு 11 மணி நேரம் எரிந்தால், ஆறு மாதத்தில் 18 யூனிட். வீட்டு மின்சாரம் குறிப்பிட்ட அளவுவரை இலவசம் என்பதால் பலருக்கு அணைத்தாலும் பைசா லாபமில்லை. லாபம் பறவைக்கு.

என் கணக்கில் 450 ரூபாய்க் கம்பு வீண்செலவு. தண்ணீர்த் தட்டும் சருகும் இருட்டும் போதும். ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். கட்டணம் கிடையாது. முற்றத்தில் 15 நிமிடம் நின்று, கண்டதை எண்ணி, ஈபேர்ட் தளத்தில் பதிவிடுங்கள்.