இழப்பன்று, தளர்ச்சி
கேமரன் மலையில் 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் போன்றவற்றில் சரிவேறிக் கொழுந்து பறித்து முதுமையுற்றவர், ‘இதயச் செயலிழப்பு’ என்று கேட்டால் இதயமே நின்றதாகப் பொருள்கொண்டு, நடப்பதற்கும் அஞ்சக்கூடும். இழப்பு என்பது முற்றும் போனதையே உணர்த்துகிறது. நோயோ, உடலின் தேவைக்கேற்பக் குருதியை இறைக்கும் ஆற்றல் குறைதலேயாகும். குருதிக்குழாய் அடைபடும் மாரடைப்பு இதனின் வேறு.

இறைப்பாற்றல் குறைந்த 2,331 நோயாளரிடம் நிகழ்த்தப்பெற்று 2009இல் வெளியான எச்எஃப்-ஆக்‌ஷன் ஆய்வு, உடற்பயிற்சி பாதுகாப்பானது, நலத்தையும் சிறிதளவு உயர்த்துவது எனக் காட்டிற்று. நோய் நிலைப்பட்டவர், மருத்துவர் ஒப்புதலுடன் சமதரையில் மெல்ல நடக்கத் தொடங்கலாம். பேசிக்கொண்டே நடக்க இயலும் வேகமே அளவு. மூச்சிரைப்பு மிகுந்தாலும், கால் வீங்கினாலும், எடை திடீரென ஏறினாலும் மருத்துவரை நாடவேண்டும்.

ஆதலின் ‘இதயத் தளர்ச்சி’ என்னும் சொல்லை வகுப்பறைகளில் வழங்குவோம். தளர்ந்ததைப் பேணலாம் என்பதை அச்சொல்லே உணர்த்தும்.