ஜெர்மனியில் வாழப் போகிறவர்க்கு

நம் சங்கத்து நண்பர்களில் சிலர் மேற்படிப்புக்கு ஜெர்மனி செல்ல எண்ணியிருக்கிறார்கள். தமிழகத்தை விட்டு வந்து படிக்கும் நமக்கு, வேற்று மொழி பேசும் ஊரில் காலம் தள்ளுவது புதிதன்று. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. இங்கே நாம் குடிமக்கள். அங்கே நாம் அயல்நாட்டார். தங்கும் உரிமையும் உழைக்கும் உரிமையும் ஒரு சீட்டில் எழுதித் தரப்படுகின்றன. அச்சீட்டைக் காத்துக்கொள்ளும் வழியை, ஈராண்டுகள் அங்குப் படித்தும் பகுதி நேரம் வேலை பார்த்தும் நான் அறிந்த அளவில் சொல்கிறேன்.

முதலில் முகவரி. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் ஊர்ப் பதிவு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதை 'ஆன்மெல்டுங்' என்பார்கள். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது; இன்னார் என் வீட்டில் குடிபுகுந்தார் என வீட்டுக்காரர் எழுதித் தரும் சான்றும் வேண்டும். 2015 நவம்பரில் நடப்புக்கு வந்த சட்டப்படி அதைத் தருவது அவர் கடமை. ஆகையால் முன்பணம் கொடுக்குமுன்பே அதைக் கேளுங்கள். "வாடகை குறைவு, ஆனால் பதியக் கூடாது" என்பாரிடம் அறை எடுக்க வேண்டா. குடியிராத வீட்டின் முகவரியை விலைக்கு வாங்கவும் வேண்டா. அது அபராதத்துக்குரிய குற்றம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு எனலாம். உங்கள் வரி எண் அந்த முகவரிக்குத்தான் தபாலில் வருகிறது. அவ்வெண் இல்லாவிடில் சம்பளத்தில் மிகுதியான வரி பிடிப்பார்கள். தங்கும் அனுமதியும் நீங்கள் பதிந்த ஊரின் அயல்நாட்டார் அலுவலகத்திலேயே கிடைக்கும். தபால் பெட்டியின் மீது உங்கள் பெயரை எழுதி ஒட்டுங்கள். பெயர் இல்லையேல் கடிதம் திரும்பிப் போகும். மஞ்சள் உறை வந்தால் அன்றே பிரியுங்கள். தபால்காரர் உறைமேல் குறித்த தேதியிலிருந்தே உங்கள் கெடு ஓடத் தொடங்குகிறது. நீங்கள் பிரித்தீர்களா இல்லையா என்பதைச் சட்டம் பாராது.

அடுத்தது வேலை. 2024 மார்ச் முதல் இந்திய மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். நான்கு மணி வரை உழைத்தால் அரை நாள். பல்கலைக் கழகத்திலேயே பார்க்கும் உதவியாளர் பணி இக்கணக்கில் சேராது. சொந்தத் தொழில் செய்யத் தனி அனுமதி வேண்டும். வீடு வீடாக உணவு கொண்டு கொடுக்கும் வேலை சில இடங்களில் சம்பள வேலையாயிராது, சொந்தத் தொழிலாகவே எழுதப்பட்டிருக்கும். ஆழம் தெரியாமல் காலை விடாதீர்கள். ஒப்பந்தத்தைப் படித்த பின்னரே கையெழுத்திடுங்கள். உழைத்த நாட்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள்.

அனுமதியைப் புதுப்பிக்கும் விண்ணப்பம், பழைய அனுமதி முடிவதற்குமுன் அலுவலகத்தைச் சேர வேண்டும். சேர்ந்துவிட்டால், முடிவு வரும் வரை பழைய அனுமதி செல்லும். அலுவலகம் தாமதித்தாலும் உங்களுக்குக் குற்றமில்லை. ஒரு நாள் பிந்தினாலோ, அந்தப் பாதுகாப்பு இயல்பாகக் கிடைக்காது.

இதுவரை கடமைகளைச் சொன்னேன். உரிமைகளையும் அறியுங்கள்; அயல்நாட்டார்க்கென்று குறைந்த கூலி சட்டத்தில் இல்லை. 2015-இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நமக்கும் உண்டு. 2025-இல் மணிக்கு 12.82 யூரோவாக இருந்த கூலி, 2026 ஜனவரி முதல் 13.90 யூரோ. பகுதி நேர வேலைக்கும் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. வேலையினின்றும் நீக்குவதானால் கையெழுத்திட்ட தாளில் எழுதித் தர வேண்டும், வாய்ச்சொல் செல்லாது. என்னுடன் படித்த ஒருவரை ஓர் உணவு விடுதியில், "நாளை முதல் வராதே" என்றார்கள். அவர் தொழிலாளர் நீதிமன்றத்தின் மனு எழுதும் பிரிவுக்குச் சென்றார். வழக்கறிஞரின்றியே மனு எழுதித் தந்தார்கள். நிலுவைக் கூலி முழுவதும் கைக்கு வந்தது. எழுத்தில் நீக்கினால், அதை எதிர்க்க மூன்றே வாரம் என்பதையும் மறவாதீர்கள்.

மற்றவை சிறியன. மருத்துவக் காப்பீடு இன்றிப் பல்கலைக் கழகத்தில் சேர முடியாது. வானொலி, தொலைக்காட்சிக் கட்டணத்தைப் பெட்டி இல்லாத வீட்டாரும் செலுத்த வேண்டும். ஒரு வீட்டில் பலர் குடியிருந்தால் ஒருவர் செலுத்தினால் போதும். இரவு பத்து மணிக்கு மேலும் ஞாயிறு முழுவதும் சத்தம் கூடாது. கடைகளும் ஞாயிறன்று பெரும்பாலும் மூடியிருக்கும். சனிக்கிழமையே அரிசி வாங்கிவிடுங்கள்.

அந்நாட்டு அலுவலர் நம் முகத்தைப் பார்த்து இரங்குவதுமில்லை, பெரும்பாலும் வெறுப்பதுமில்லை. தாளையும் தேதியையும் பார்க்கிறார். அவ்விரண்டும் ஒழுங்காயிருப்பின் அயல்நாட்டு மாணவரும் அங்கே நிமிர்ந்து நின்று பேசலாம். செல்லும் நண்பர்கள் ஒரு நல்ல கோப்பு வாங்கிக்கொண்டு புறப்படுக!