நீச்சல்குளத்துக்கு உப்பிலிருந்து குளோரின்

பொது நீச்சல்குளத்தின் தண்ணீர் நாள்தோறும் மாற்றப்படுவதில்லை. மணல் வடிகட்டி வழியாகச் சுற்றிவந்து, குளோரின் கலந்து, மீண்டும் குளத்துக்கே திரும்புகிறது. லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் குளோரின் எப்போதும் தண்ணீரில் எஞ்சியிருந்தால், ஒருவர் உடலிலிருந்து வரும் கிருமிகளில் பெரும்பாலானவை அடுத்தவரை எட்டுமுன் அழிந்துவிடும்.

பழைய குளங்கள் பலவற்றில் இந்தக் குளோரின் சிலிண்டரிலிருந்து வாயுவாக வருகிறது. அது காற்றைவிட ஏறத்தாழ 2.5 மடங்கு கனமான நச்சு வாயு. கசிந்தால் மேலே எழுந்து கலையாமல் தரையோடு பரவும். உப்புக் காற்று வீசும் தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் வால்வுகளும் இரும்புக் குழாய்களும் விரைவில் அரிக்கப்படுகின்றன. எனவே கருவிகள் பழையனவாகும்போது, அதே வகையில் புதியதை வாங்குவதைவிட முறையையே மாற்றுவது நல்லது. சிலிண்டருக்குப் பதிலாக, உப்பிலிருந்து அவ்வப்போது தேவையான அளவு குளோரினைத் தயாரிக்கும் மின்பகுப்பு இயந்திரத்தைப் பொருத்தலாம்.

இதன் அடிப்படை தூத்துக்குடி மாவட்டத்துக்குப் புதிதல்ல. முள்ளக்காடு, ஆறுமுகநேரி உப்பளங்களை ஒட்டிய இதே கரையில், சாகுபுரம் டி.சி.டபிள்யூ. ஆலை உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கிறது. அத்தகைய ஆலையில் இரண்டையும் தனித்தனியே பிரித்தெடுப்பார்கள். நீச்சல்குள இயந்திரத்தில் அவை ஒன்றோடொன்று கலக்க விடப்படுகின்றன. நேர்மின்வாயில் குளோரினும், எதிர்மின்வாயில் ஹைட்ரஜனும் காரமும் உண்டாகின்றன. குளோரினும் காரமும் சேர்ந்து சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலாகின்றன. இக்கரைசலின் செறிவு 1 சதவீதத்துக்கும் குறைவு என்பதால் கையாள்வது எளிது.

50 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் 2 மீட்டர் ஆழமும் உள்ள குளத்தில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்கும். அதில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் சேர்க்க 5 கிலோ குளோரின் வேண்டும். ஒரு கிலோவுக்குச் சுமார் 3.5 கிலோ உப்பும் 5 யூனிட் மின்சாரமும் என்று கொண்டால், 17.5 கிலோ உப்பும் 25 யூனிட்டும் போதும்.

இயந்திரத்தின் உயிர் அதன் மின்வாய். சாதாரண உலோகம் குளோரினில் கரைந்துபோகும். 1960-களில் ஹென்றி பீர் என்பவர் டைட்டானியத்தின் மேல் ருத்தேனியம் ஆக்சைடு பூசி இதற்குத் தீர்வு கண்டார். இவ்வகை மின்வாய்களை இந்தியாவில் உருவாக்கியது காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். பூச்சு தேய்ந்துவிட்டால் மின்வாயை மாற்றியாக வேண்டும்.

உப்பைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. உப்பளத்திலிருந்து நேராக வரும் கல்லுப்பில் கால்சியமும் மக்னீசியமும் இருக்கும்; அவை எதிர்மின்வாயில் படிந்து இறுகும். எனவே சுத்திகரித்த, அயோடின் சேர்க்காத உப்பையே பயன்படுத்த வேண்டும். படிந்ததை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கழுவலாம். ஆனால் அமிலமும் ஹைப்போகுளோரைட்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும் என்பதால் இரண்டையும் தனித்தனி அறைகளில் வைக்க வேண்டும். காற்றில் 4 சதவீதத்தைத் தாண்டினாலே ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடும். அதைக் கூரைக்கு மேலே வெளியேற்றத் தனிக் குழாய் வேண்டும்.

ஹைப்போகுளோரைட் கரைசல் காரத்தன்மை உடையது; குளத்தின் பி.எச். அளவை அது உயர்த்தும். பி.எச். 7.5 அளவில் எஞ்சிய குளோரினில் ஏறக்குறைய பாதி, கிருமிகளை வேகமாகக் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும். 8-ஐ எட்டினால் கால் பங்குதான். அதனால் பி.எச். அளவை 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் வைத்துக்கொள்கிறார்கள். திறந்தவெளிக் குளத்தில் வெயிலும் குளோரினைச் சிதைக்கும். ஆகவே புதிய இயந்திரம் வந்த பிறகும் எஞ்சிய குளோரினையும் பி.எச். அளவையும் நாளுக்குப் பலமுறை சோதிக்க வேண்டும்.

வடிகட்டியைக் கழுவிய தண்ணீரையும் கவனிக்க வேண்டும். முத்துச்சிப்பி வாழும் மன்னார் வளைகுடாவில் குளோரின் கலந்த நீரை அப்படியே விட்டால் சிப்பியின் இளம் உயிரிகள் மடியும். சோடியம் தயோசல்பேட் சேர்த்துக் குளோரினை நீக்கிய பின்னரே அதை வெளியேற்ற வேண்டும்.